மலை உச்சியில் கிடக்கும் கடல் பிராணியின் ஓட்டை வைத்துப் பாறைக்கு எப்படி வயது சொல்கிறார்கள்?

இமயமலையில் பதினான்காயிரம் அடி உயரத்தில் கடல் பிராணியின் ஓடு கிடக்கிறது, அதை வைத்து அந்தப் பாறைக்குப் பதினைந்து கோடி வயது என்கிறார்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "கார்பன் டேட்டிங் பண்ணியிருப்பாங்க" என்றுதான் உடனே பதில் வரும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. கார்பன்-14 என்பது 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் சரக்கு. ஐம்பதாயிரம் ஆண்டு ஆகிவிட்டால் அளப்பதற்கு மிச்சம் என்று ஒன்றும் இருக்காது. கீழடியில் கிடைத்த கரித்துண்டுக்கு அது சரிப்படும், கோடிக் கணக்கில் வயதான பாறையிடம் அது செல்லுபடியாகாது.

சரி, யுரேனியம் இருக்கிறதே? இருக்கிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், பூமியின் வயதையே அதை வைத்து அளக்கலாம். ஆனால் அந்தக் கடிகாரம் உருகிய பாறைக் குழம்பு குளிர்ந்து படிகமாகும் நேரத்தில்தான் ஓட ஆரம்பிக்கும். எரிமலைச் சாம்பல், கிரானைட் என்றால் பிரச்சினை இல்லை. கடலடியில் சேறும் மணலும் படிந்து இறுகிய பாறையில் இருக்கும் துகள்களோ வேறெங்கோ இருந்த பழைய மலை அரிக்கப்பட்டு ஆற்றோடு வந்தவை. அந்த மணலிடம் போய் உன் வயது என்ன என்று கேட்டால் அது தன் தாய்ப்பாறையின் வயதைச் சொல்லும், தான் கடலடியில் வந்து படுத்த நாளைச் சொல்லாது. அதனால்தான் ஓட்டைத் தேடிப் போகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஓட்டைக் காலணா போதும். பழைய வீட்டை இடித்துத் தரையைத் தோண்டுகிறீர்கள், நடுவில் ஓட்டை போட்ட செப்புக்காசு ஒன்று கிடைக்கிறது. வருஷம் தேய்ந்து போயிருக்கிறது. பரவாயில்லை, அந்த ஓட்டை போட்ட காசு 1943 முதல் 1947 வரைதான் அச்சடிக்கப்பட்டது, ஆகவே அந்தத் தரையடுக்கு எந்தக் காலத்தது என்பது ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. அதற்கு மேலே இருக்கும் அடுக்கில் 'நயா பைசா' என்று எழுதிய காசு கிடைத்தால் 1957-க்கும் 1963-க்கும் இடையில் அச்சானது. இரண்டு அடுக்குக்கும் கல்வெட்டு, பத்திரம் எதுவும் தேவைப்படவில்லை. அதே குழியில் ஒரு அம்மிக்கல் கிடைத்தால்? ஒரு பிரயோஜனமும் இல்லை. அம்மி பல நூறு வருஷமாக அதே அம்மிதான்.

பாறையில் ஓட்டைக் காலணாவாக வேலை செய்யும் உயிரினங்களை இன்டெக்ஸ் ஃபாசில், அதாவது காலம் காட்டும் புதைபடிவம் என்பார்கள். குறுகிய காலமே வாழ்ந்து மறைந்திருக்க வேண்டும், அந்தக் குறுகிய காலத்துக்குள் உலகம் பூராவும் பரவியிருக்க வேண்டும், ஏராளமாகக் கிடைக்க வேண்டும், பாதி உடைந்து கிடந்தாலும் பார்த்தவுடன் இன்னது என்று சொல்லிவிடும்படி இருக்க வேண்டும். இந்த நான்கும் ஒன்றாக அமைவது லேசில்லை. லிங்குலா என்று ஒரு ஓட்டுப் பிராணி உண்டு, கோடிக் கணக்கான ஆண்டுகளாகத் தோற்றத்தில் பெரிய மாற்றமே இல்லாமல் இன்றும் கடலோரச் சேற்றில் புதைந்து வாழ்கிறது. பாவம், புதைபடிவ உலகத்தின் அம்மிக்கல் அது.

ஏன் கடல் பிராணியாகத் தேடுகிறார்கள், டைனோசர் எலும்பு ஆகாதா என்று கேட்கலாம். நிலத்தில் செத்த மிருகத்தை நரி இழுத்துப்போகும், வெயிலில் எலும்பு வெடிக்கும், மிச்சம் மட்கிப்போகும், புதைவதே அபூர்வம். கடலடியிலோ சேறு சதா படிந்துகொண்டே இருக்கிறது, செத்து விழுந்த ஓட்டை மூடிவிடுகிறது. அப்புறம், கடலில் நீந்திய பிராணிக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒரே இனம் இமயத்திலும் மடகாஸ்கரிலும் கிடைத்தால்தான் இரண்டு ஊர்ப் பாறையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும்.

இந்த வேலைக்கென்றே பிறந்தது போன்றவை அம்மோனைட்டுகள். கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தம், ஆனால் ஆட்டுக்கொம்பு மாதிரிச் சுருண்ட ஓட்டுக்குள் குடியிருந்தவை. இவற்றின் பரந்த கூட்டம் நாற்பது கோடி ஆண்டுக்கு முன் தலைகாட்டி, 6.6 கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தது. இடைப்பட்ட காலத்தில் இவை வடிவம் மாறிய வேகம் அசாத்தியமானது. ஜுராசிக் காலத்தை, அதாவது ஏறக்குறைய 20-லிருந்து 14.5 கோடி ஆண்டு வரை முந்தைய காலத்தை, அம்மோனைட் இனங்களை வைத்தே சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள், பல துண்டுகள் பத்து லட்சம் ஆண்டுக்கும் குறைவு. பத்து லட்சம் உங்களுக்கும் எனக்கும் பெரிசு. பதினைந்து கோடியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

அம்மோனைட்டை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்புண்டு. வைணவ வீடுகளில் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம், அந்த வழவழப்பான கறுப்புக் கல்லுக்குள் தெரியும் சக்கரம், பெரும்பாலும் அம்மோனைட் ஓட்டின் பதிவுதான். நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பவை. அங்கே இருக்கும் முக்திநாத்தைத்தான் 108 திவ்ய தேசங்களில் திருச்சாளக்கிராமமாகக் கொள்கிறார்கள், திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். எங்கள் பாட்டி வீட்டில் இருந்த கல்லைச் சின்ன வயதில் தொட்டுப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். பின்னால் ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தபோது சக்கரத்தின் வரிகள் தேய்ந்துபோயிருந்தாலும் நடுவிலிருந்து வெளியே விரிந்து போவது விரலுக்கே தெரிந்தது. பக்தியையும் இதையும் மோதவிட வேண்டியதில்லை, இரண்டும் ஒரே கல்லில் பல காலமாகச் சண்டையில்லாமல் இருக்கின்றன.

அம்மோனைட்டில் வயதைப் படிக்க மோட்டா வழி ஒன்று இருக்கிறது. ஓட்டின் உள்ளே அறை அறையாகச் சுவர் எழுப்பிக்கொண்டே வளரும் பிராணி அது. அந்தச் சுவர் வெளி ஓட்டின் உட்பக்கத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும். மேல் ஓடு கரைந்துபோன அல்லது தேய்ந்துபோன மாதிரிகளில் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். கோடு ரம்பப் பல் மாதிரி எளிய வளைவும் முனையுமாக இருந்தால் கோனியடைட் வகை, 25 கோடி ஆண்டுக்கு முந்தைய பழங்காலத்தது. ஒரு பக்க வளைவுகள் வழவழப்பாகவும் எதிர்ப்பக்க வளைவுகள் மட்டும் பொடிப் பற்களோடும் இருந்தால் செரடைட் வகை, பெரும்பாலும் டிரையாசிக், அதாவது ஏறக்குறைய 25-லிருந்து 20 கோடி ஆண்டுக்குள். கோடு முழுக்கக் கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நுணுக்கமாகக் கிழிந்து கிழிந்து போனால் ஜுராசிக் அல்லது அதற்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ். கிரெட்டேசியஸ் காலத்தில் சில இனங்கள் தாத்தா காலத்துப் பாணிக்கே திரும்பிப்போய் ஆராய்ச்சியாளர்களை ஏமாற்றியிருக்கின்றன, அதனால் கோட்டை மட்டும் பார்த்து யாரும் முடிவு கட்டுவதில்லை. மேல்வரி, சுருளின் பருமன், முதுகின் வடிவம் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போனால் இது முழுசாகப் புரிந்துவிடும். லாங்ஸா என்ற கிராமம், சுமார் 4,400 மீட்டர் உயரம், மரம் ஒன்று கிடையாது, மலையின் எலும்பு அப்படியே தெரியும். அங்கே ஒரு கறுப்புக் களிப்பாறை இருக்கிறது, ஸ்பிதி ஷேல் என்று பெயர். கையால் பிய்த்தாலே தகடு தகடாக உதிரும் அந்தப் பாறைக்குள் உருண்டை உருண்டையாகக் கெட்டிக் கற்கள். உருண்டை சரியாகப் பிளந்தால் உள்ளே அம்மோனைட்: ஒரு பாதியில் ஓடு, மறுபாதியில் அதன் அச்சு. பிளான்ஃபோர்டிசெராஸ் என்ற ஒரு வகை, அதன் விலா வரிகள் சுருளின் உள்விளிம்பிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் இரண்டாகக் கிளை பிரியும். இந்த வகை ஜுராசிக் காலத்தின் கடைசிப் பகுதிக்கு உரியது, கிட்டத்தட்ட 14.5 கோடி ஆண்டு. நேபாளத்துச் சாளக்கிராமக் கற்களுக்குள்ளும் இதே கூட்டம்தான்.

அந்தக் கறுப்புப் பாறைக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே போகப் போகச் செரடைட் வகைகள், டிரையாசிக்கின் அடிவாரத்தில் ஓட்டோசெராஸ் என்ற அம்மோனைட் கிடைக்கும் மெல்லிய படுகை. அதற்குக் கீழே டிரையாசிக்குக்கு முந்தைய பெர்மியன் காலத்துப் பாறை, அங்கே உயிரினங்களின் முகமே மாறிவிடும். கறுப்புப் பாறைக்கு மேலே கியூமல் மணற்கல், அதற்கு மேலே சிக்கிம் சுண்ணாம்புக்கல் (மாநிலம் இல்லை, ஸ்பிதியில் இருக்கும் சிச்சம் என்ற ஊரின் பெயரில் வந்தது), இரண்டும் கிரெட்டேசியஸ்.

இந்த அடுக்குகளை முதலில் முறையாக வகுத்தவர்களில் ஒருவர் ஃபெர்டினாண்ட் ஸ்டொலிஸ்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து 1862-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்தவர். அவருக்கு முதலில் கொடுத்த வேலை என்ன தெரியுமா? நம் திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளில் சேகரித்த அம்மோனைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விவரித்து எழுதுவது. ஊட்டத்தூர், காரை வட்டாரத்து ஓடுகளில் கண்ணைப் பழக்கிக்கொண்ட மனிதர் 1864-இல் ஸ்பிதிக்கு ஏறினார். ஊட்டத்தூர் வரிசை சுமார் 11-லிருந்து 9 கோடி ஆண்டுக்குள் அடங்கும், ஸ்பிதிக் கறுப்புப் பாறை அதைவிடப் பழசு. இரண்டு ஊரிலும் சுருண்ட ஓடுதான், ஆனால் ஓட்டைக் காலணாவையும் நயா பைசாவையும் குழப்பிக்கொள்ளாதவருக்கு அவை வேறு வேறு என்பதில் சந்தேகமே வராது. மலை அவரை விடவில்லை. மறுபடி மறுபடி போனார், 1874 ஜூனில் லடாக்கின் முர்கோவில் உயரம் தாங்காமல் இறந்தார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். பாறையை வைத்து ஃபாசிலுக்கு வயது சொல்கிறார்கள், ஃபாசிலை வைத்துப் பாறைக்கு வயது சொல்கிறார்கள், இது சும்மா சுற்றிச் சுற்றி வருவது இல்லையா? இல்லை, ஏனென்றால் முதலில் வந்தது வயது அல்ல, வரிசை. இங்கிலாந்தில் வில்லியம் ஸ்மித் என்ற நில அளவையாளர் 1790-களில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தார். வெட்டிய இடமெல்லாம் கீழ் அடுக்கில் இன்ன ஓடு, அதற்கு மேல் இன்ன ஓடு என்று ஒரே வரிசை வருவதைக் கவனித்தார். இடம் மாறினாலும் வரிசை மாறவில்லை. அதை வைத்து 1815-இல் பெரிய நிலவியல் வரைபடமே வெளியிட்டார். டார்வினின் பரிணாமப் புத்தகம் வந்தது 1859-இல். அதாவது வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே வரிசை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, கீழே இருப்பது முதலில் படிந்தது என்ற சாதாரண உண்மையைத் தவிர அதற்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அப்படியானால் கோடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? எரிமலைச் சாம்பலிலிருந்து. சீனாவில் மெய்ஷான் என்று ஒரு இடம். அங்கே பெர்மியனுக்கும் டிரையாசிக்கிற்கும் இடைப்பட்ட எல்லையை, ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற, மணல் துகள் அளவே பல் இருந்த ஒரு கடல் பிராணி முதலில் தோன்றும் படுகையை வைத்து 2001-இல் உலகத்துக்கே பொதுவாக நிர்ணயித்தார்கள். அந்தப் படுகைக்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் சாம்பல் அடுக்குகள் இருக்கின்றன. சாம்பலில் ஜிர்கான் படிகம், படிகத்தில் யுரேனியம். கீழ்ச்சாம்பலுக்கு ஒரு வயது, மேல்சாம்பலுக்கு ஒரு வயது, எல்லை இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது: 25.19 கோடி ஆண்டு. இனி காஷ்மீரில் ஸ்ரீநகர் பக்கத்தில் குர்யுல் ஓடைச் சரிவில் அதே ஹிண்டியோடஸ் பார்வஸ் கிடைத்தால், சீனச் சாம்பலில் எண்ணிய வருஷத்தை அப்படியே காஷ்மீர்ப் பாறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கிடைத்தும் இருக்கிறது. கடிகாரம் ஒரு ஊரில், அந்தக் கடிகாரம் காட்டும் நேரத்தைச் சுமந்துகொண்டு போவது ஓடு.

இதுவரை சொன்னது சமவெளிக்கும் பொருந்தும். மலை என்றாலே வேறு தொல்லை. கீழே இருப்பது பழசு என்ற விதி மலையில் நம்பத்தகுந்தது இல்லை. இரண்டு கண்டம் மோதும்போது பாறை அடுக்குகள் துவைத்த வேட்டி மாதிரி மடிந்து, சில இடங்களில் தலைகீழாகக் கவிழ்ந்து, வேறு சில இடங்களில் ஒடிந்து ஒரு துண்டு இன்னொரு துண்டின் மேல் ஏறிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியில் பெர்மியன் பாறை போய் அதைவிட இருபது கோடி ஆண்டு இளைய பாறையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தில் ஃபாசில் இல்லாவிட்டால் ஆள் தொலைந்தான். ஒரு சரிவில் இறங்கும்போது டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ், மறுபடி ஜுராசிக், மறுபடி டிரையாசிக் என்று ஓடுகள் வந்தால் ஐந்து அடுக்கு என்று எண்ணக்கூடாது, மூன்றே அடுக்கு, மடிந்து கிடக்கிறது. மேலே பழசும் கீழே புதுசுமாகத் திடீரென்று வந்தால் நடுவில் எங்கோ ஒரு பெரிய வெடிப்பின் வழியாகப் பழைய பாறை வழுக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். நிறத்தையும் கெட்டித்தன்மையையும் மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. மலையில் கறுப்புப் பாறைக்குப் பஞ்சமில்லை, எல்லாம் ஒரே கறுப்பு.

இன்னொரு தொல்லை, மலைப் பாறை வெந்துவிடும். ஆழத்தில் அழுந்திச் சூடேறும்போது பெரிய ஓடுகள் நசுங்கிக் கரைந்து அடையாளமே தெரியாமல் போய்விடும். அந்த மாதிரி இடத்தில் கைகொடுப்பவை கோனோடான்ட்டுகள். மேலே சொன்ன ஹிண்டியோடஸ் பார்வஸும் இந்தக் கூட்டம்தான். விலாங்கு மாதிரி ஒரு சின்னப் பிராணியின் வாயிலிருந்த பற்கள், மணல் துகள் அளவு, நம் பல்லில் இருக்கும் அதே வகைக் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனவை. எடுக்கும் முறை எளிது: ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்புக்கல்லை உடைத்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது கொஞ்சம் வீரியமான வினிகரில், நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போகும், பல் கரையாது. அடியில் தங்கும் வண்டலைச் சலித்து, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் நனைத்த தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஒரு பிடிப் பொடியில் பத்து கிடைத்தாலே அன்றைக்குக் கொண்டாட்டம். கூடுதல் லாபம், இந்தப் பற்கள் சூடேற ஏறத் தேன் நிறத்திலிருந்து பழுப்பு, கறுப்பு என்று நிறம் மாறும், ரொம்பவும் வெந்தால் வெளுத்துவிடும். ஆக ஒரே பல் பாறை படிந்த காலத்தையும் சொல்கிறது, அது எவ்வளவு வெந்தது என்பதையும் சொல்கிறது.

ஏமாறவும் இடம் இருக்கிறது. ஓட்டைக் காலணாவை ஒருவர் பத்திரமாக வைத்திருந்து 1990-இல் தொலைத்தால், 1990-இன் மண்ணில்தான் அது கிடக்கும். அதே மாதிரி பழைய பாறை அரிக்கப்பட்டு அதிலிருந்த ஓடு புதுச் சேற்றில் போய்ப் புதைவதும் உண்டு. அதனால் தனி ஒரு ஓட்டை நம்புவதில்லை, ஒரே படுகையில் சேர்ந்து கிடக்கும் கூட்டத்தைப் பார்ப்பார்கள், தேய்ந்தது எது தேயாதது எது என்று பார்ப்பார்கள். சுற்றுலா போகிறவர்கள் கடையில் வாங்கி வரும் அம்மோனைட்டும் இந்த வகையில் சேர்த்தி; அது தன் வயதைச் சொல்லும், எந்த அடுக்கிலிருந்து பெயர்த்தார்கள் என்று தெரியாததால் மலையைப் பற்றி வாய் திறக்காது. ஸ்பிதிக்குப் போனால் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, ரொம்பப் பேர் குழப்பிக்கொள்ளும் விஷயம். பாறையின் வயது வேறு, மலையின் வயது வேறு. நூறு வருஷச் செங்கல்லைப் பெயர்த்து இந்த வருஷம் வீடு கட்டினால் வீட்டுக்கு நூறு வயதாகிவிடாது. எவரெஸ்ட் உச்சியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்லில் டிரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் பிராணியின் துணுக்குகளும், கடல் அல்லி என்ற பிராணியின் தண்டுகளும் இருக்கின்றன. அவை ஆர்டோவிசியன் காலத்தவை, 44 கோடி ஆண்டுக்கும் பழையவை. அப்போது எவரெஸ்டும் இல்லை, இமயமும் இல்லை, ஆழமில்லாத கடல்தான்.

மலை எப்போது எழுந்தது என்று தெரிய வேண்டுமானால் பழைய ஓட்டைத் தேடக் கூடாது, கடைசி ஓட்டைத் தேட வேண்டும். டெதிஸ் என்று பெயர் வைத்திருக்கும் அந்தக் கடல், இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே நசுங்கி மூடுவதற்கு முன்னால் கடைசியாக விட்டுப்போன படிவு லடாக்கின் ஜன்ஸ்கரிலும், சிம்லாவுக்குக் கீழே சுபாத்துவிலும் இருக்கிறது. அதில் நிறைந்திருப்பது நும்முலைட். ஒரே செல் உள்ள பிராணி, ஆனால் பொட்டு அளவிலிருந்து காசு அளவு வரை வளர்ந்தது, குறுக்கே உடைத்தால் உள்ளே அறை அறையாக நெருக்கமான சுருள். இயோசீன் காலத்தது, ஐந்து கோடி ஆண்டுச் சுற்றில். அதற்கு மேலே வரும் படுகைகளில் கடல் பிராணி இல்லை, ஆற்று மணலும் நிலத்து மிருகங்களின் எலும்பும்தான். நும்முலைட் என்ற பெயருக்கு லத்தீனில் சின்னக் காசு என்று பொருள்.